பெண்பிள்ளைகளுக்கு ஒப்பிக்காத மேடை ஒன்று வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வளரட்டும் என்று பேச்சுப்போட்டி வைக்கிறோம். பேச்சை எழுதித் தருவது பெரியவர்கள், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள், நடுவில் ஒரு வரி மறந்துபோனால் கண் கலங்கி நிற்கிறாள். இதில் வளர்வது மனப்பாடம் மட்டும்தான்.

10 முதல் 13 வயதுள்ள பெண்பிள்ளைகளுடன் மூன்று வருடமாக வாரம் ஒரு மணி நேரம் இம்ப்ரோவ் விளையாடிக்கொண்டிருக்கிறேன். வசனம் இல்லாமல், ஒத்திகை இல்லாமல், அந்த நிமிடம் வாயில் வருவதை வைத்தே நடிக்கிற நகைச்சுவை நாடகம்தான் இம்ப்ரோவ். இதன் முதல் விதி, கூட நடிப்பவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு அதற்கு மேல் ஒன்றைச் சேர்ப்பது. ஒருத்தி "நான் பைலட்" என்கிறாள். மற்றவள் "இல்லை, இது பஸ்" என்றால் காட்சி அங்கேயே செத்துப்போகும். "சரி கேப்டன், ஆனால் நம்ம விமானத்துக்கு ஒரு இறக்கையைக் காணோமே" என்றால் கதை கிளம்பிவிடும். அவளுடைய யோசனையை இன்னொருத்தி கையில் வாங்கிக்கொண்டாள் பாருங்கள், அந்த நொடியில் ஒரு பிள்ளையின் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

இந்த விளையாட்டுகளுக்கு வித்திட்டவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி. 1930களின் கடைசியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோதுதான் பலவற்றை உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து 1959இல் தொடங்கிய தி செகண்ட் சிட்டி நகைச்சுவை நாடகக் குழு இன்று உலகம் அறிந்த ஒன்று. ஸ்போலின் அழுத்திச் சொன்னது இதுதான்: பாராட்டும் திட்டும் இரண்டுமே பிள்ளையைக் கட்டிப்போடும், அடுத்தவர் முகத்தைப் பார்த்தே நடக்கப் பழக்கிவிடும். "சமர்த்து" என்ற சொல்லிலேயே வளர்க்கப்படும் பெண்பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! சரியான பதில் தெரிந்தால் மட்டுமே கை தூக்குகிறவர்கள் அவர்கள். 2017இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 5 வயதில் பெண்பிள்ளைகளும் பையன்களைப் போலவே தங்கள் பாலினத்தைத்தான் மகா புத்திசாலி என்று காட்டுகிறார்கள், 6, 7 வயதில் அது குறைந்துவிடுகிறது என்றது. இத்தனைக்கும், நல்ல மார்க் வாங்குவது பெண்கள்தான் என்று அந்த வயதிலும் அவர்களே சொல்கிறார்கள்.

எங்கள் விளையாட்டில் தவறு செய்தவள் இரண்டு கையையும் உயரத் தூக்கி "சொதப்பிட்டேன்!" என்று கத்த வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். முதல் வாரங்களில் சுவரோடு ஒட்டி நின்ற ஒருத்தி, அடிக்குரலில் ஒரு வார்த்தை சொன்னாலே அதிகம். ராஜா, சேவகன் விளையாட்டில் அவளுக்கு ராஜா வேடம் விழுந்தது. இம்ப்ரோவ் ஆசிரியர் கீத் ஜான்ஸ்டன் சொல்லிக்கொடுத்த ஒரு சின்ன வித்தைதான், பேசும்போது தலையை அசைக்காதே என்றேன். தலையை அசைக்காமல், அவசரப்படாமல், "என் செருப்பு எங்கே?" என்று கேட்டாள். அறையே அமைதியாகிவிட்டது, அப்புறம் ஒரே சிரிப்பு. அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து. அடுத்த வாரம் காட்சியை ஆரம்பிக்க அவள்தான் முதலில் வந்தாள்.

வாயாடிப் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. எல்லாவற்றையும் தானே பேசினால் காட்சி நிற்காது, எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விளையாடி விளையாடித்தான் புரியும். ஒரு பெண் முன்னே நின்றால் "அதிகாரம் பண்றா" என்று பெயர் வைக்கிறோமே, கூட நிற்பவளையும் தூக்கிவிடுகிற தலைமை எப்படி இருக்கும் என்று இங்கே கண்ணால் பார்க்கலாம்.

பள்ளிகள் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும். செலவே இல்லை, காலி அறை ஒன்று போதும். ஆனால் தயவுசெய்து இதையும் போட்டியாக்கி, மதிப்பெண் போட்டு, முதல் பரிசு கோப்பை கொடுத்துவிடாதீர்கள். பெற்றோரை உட்கார வைத்துப் பார்க்கவும் விடாதீர்கள், குறைந்தது முதல் ஆறு மாதமாவது. அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்த அடுத்த நிமிடம் அந்தப் பிள்ளை மறுபடி சமர்த்தாகிவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி