வீட்டுக்குள் வந்தது எந்தத் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் மழையால் வீடு சேதமானதும் காப்புறுதி நிறுவனத்துக்கு நம்மவர்கள் எழுதும் கோரிக்கைகள் பெரும்பாலும் "கடும் மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் "வருடா வருடம் கட்டுப்பணம் கட்டினோமே" என்ற ஆதங்கம் எழுகிறது. பொலிசியில் தண்ணீர்ச் சேதம் என்று பொதுவாக ஒன்று இருப்பதில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது, திடீரென வந்ததா, நாள்பட ஊறியதா என்ற இரண்டையும் வைத்தே நட்டஈடு தீர்மானிக்கப்படுகிறது.

வீட்டுக் காப்புறுதி என்று நாம் வைத்திருப்பது பெரும்பாலும் தீக் காப்புறுதிப் பத்திரம்தான். புயல், வெள்ளம் அதோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்பு, அதாவது ஒரு சேர்க்கை. குழாய் வெடிப்பதும் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிவதும் இன்னொன்று. மண்சரிவு பல பொலிசிகளில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது. வங்கிக் கடனுக்காக எடுத்த பொலிசியாக இருந்தால், பெரும்பாலும் கட்டிடம் மட்டும் சேர்ந்திருக்கும். கட்டில், அலுமாரி, தொலைக்காட்சிப்பெட்டி எதுவும் இருக்காது. மழைக்காலத்துக்கு முன் பத்திரத்தோடு இணைத்த தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்துக்கு முன்பும், பதுளை, ஹப்புத்தளை பக்கம் ஒக்டோபருக்கு முன்பும் அதைச் செய்துவிட வேண்டும்.

கூரையால் வந்த தண்ணீருக்கு, சேதத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது தகரத்தின் ஆணித் துளையை. காற்று தகரத்தைத் தூக்கி அடித்திருந்தால் துளை ஒரு பக்கமாக நீண்டு கிழிந்திருக்கும், ஆணியோ கொக்கியோ வளைந்திருக்கும், கிழிந்த விளிம்பில் உலோகம் பளிச்சென்று தெரியும். துளை வட்டமாகவே இருந்து சுற்றிலும் துரு தின்றிருந்தால் அது தேய்மானம், அதற்கு நட்டஈடு இல்லை. சீலிங்கும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஒரே மழையில் நனைந்த இடத்தில் கறை ஒரே பரப்பாக இருக்கும். வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் பல மழைகளாக ஒழுகியிருக்கிறது என்று பொருள். அதைப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டு அழைப்பவர்களும் உண்டு. நகத்தால் சுரண்டினாலே பழைய கறை வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு உண்மையான சேதத்தைக் கூட நம்ப மாட்டார்கள். பீலியில் பைன் ஊசியும் யூகலிப்டஸ் இலையும் அடைத்து, தண்ணீர் பின்வாங்கிச் சுவருக்குள் இறங்கியிருந்தால் பராமரிப்புக் குறை என்று வெட்டிவிடுவார்கள்.

குழாய்த் தண்ணீரில் நம் ஊர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டு இறக்கும் தண்ணீருக்கு மோட்டார் இல்லை, ஆகவே நிறுத்துவாரும் இல்லை. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் சேரும். ஊற்று 60 மீட்டர் மேலே இருந்தால், அக்கம்பக்கத்தில் யாரும் குழாய் திறக்காத இரவு நேரத்தில் உங்கள் வீட்டு இணைப்புகள் 6 பார் தாங்க வேண்டும். தாங்கி நிரம்பியதும் தண்ணீரை அடைக்கும் மிதவை வால்வில் மணல் அடைத்தால் தாங்கி விடியும்வரை வழியும். இத்தகைய சேதத்துக்குச் சேர்க்கை இருந்தால் நனைந்த சுவருக்கும் சீலிங்குக்கும் பணம் கிடைக்கும். வெடித்த குழாயையும் பழுதான வால்வையும் மாற்றும் செலவு பொதுவாக உங்களுடையது. ஆனாலும் வெட்டியெடுத்த குழாய்த் துண்டை எறிய வேண்டாம். திடீர் வெடிப்பு என்பதற்கு அதுவே சாட்சி.

மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவர்தான் மிகவும் பாவம். மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் வடிகான் இல்லாமலோ தூர்ந்தோ போனால், ஈரம் சுவர் வழியே ஊறி உட்பக்கம் வெள்ளைப் பொடி பூக்கும், பூஞ்சணம் பிடிக்கும். இதற்கு எந்தப் பொலிசியிலும் பணம் எதிர்பார்க்க வேண்டாம். மேட்டிலிருந்து தண்ணீர் பெருகி வாசல் வழியே பாய்ந்திருந்தால் அது வெள்ளம். மண்ணே நகர்ந்து சுவரைத் தள்ளியிருந்தால் அது மண்சரிவு. மண்சரிவுக்குப் பிரதேச செயலகம் ஊடாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வைக்க வேண்டும். ஒரே இரவில் வெள்ளமும் மண்சரிவும் நடக்கலாம். அப்படியானால் கோரிக்கையில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

தண்ணீர் புகுந்ததும் முதலில் பிரதான மின் ஆளியை நிறுத்த வேண்டும். சீலிங் வயிறு தள்ளிக்கொண்டு நின்றால், கீழே வாளி வைத்து ஓரமாக நின்று திருப்புளியால் சிறு துளை போட்டால் முழுத் தகடும் விழாது. கூரைக்குத் தறப்பாள் போடுவதற்கு நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்றே பொலிசி சொல்கிறது; தறப்பாள் வாங்கிய பற்றுச்சீட்டைக் கோரிக்கையில் சேருங்கள். நிரந்தரத் திருத்தத்தை மட்டும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை தொடக்கூடாது. அன்றே தொலைபேசியில் அறிவித்து, அழைப்புக்குரிய இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து மூலக் கோரிக்கைக்குப் பெரும்பாலும் 14 அல்லது 15 நாள்தான் தருவார்கள். நுவரெலியாக் குளிரில் நனைந்த சுவர் வாரக்கணக்கில் காயாது, அதற்குள் பூஞ்சணம் வந்துவிடும். அறிவிக்கத் தாமதித்தால் அதையே பழைய ஈரம் என்பார்கள்.

படம் எடுக்கும்போது அறை முழுவதும் ஒன்று, தண்ணீர் நுழைந்த இடம் ஒன்று, அளவு நாடாவை வைத்து அண்மையில் ஒன்று எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம், இடம் பற்றிய விவரம் அழிந்துவிடும். மின்னஞ்சலில் மூலப் படத்தையே அனுப்புங்கள், தொலைபேசியிலிருந்தும் அழிக்காதீர்கள்.

மழை பெய்தது என்பதற்கும் சான்று கேட்பார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, கட்டுகஸ்தோட்டை போன்ற இடங்களில் இருக்கின்றன. நம் பக்கமோ ஒரு மலை தாண்டினால் மழை வேறு. உங்கள் வீட்டருகே தேயிலைத் தோட்டம் இருந்தால் பெரும்பாலும் அங்கே மழைமானி இருக்கும். தினமும் காலையில் அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பக்கத்தின் பிரதியைத் தோட்ட அலுவலகத்தில் கையொப்பமிட்டு வாங்கி, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு இணைத்தால் தொலைவிலுள்ள நிலையத்தின் கணக்கைக் காட்டி மறுப்பது கடினம்.

மதிப்பீட்டில் "கூரை திருத்த 3 இலட்சம்" என்று மேசன் பாஸ் எழுதிக் கொடுக்கும் துண்டு எடுபடாது. எத்தனை தகரம், என்ன நீளம், எத்தனை சதுர அடி பூச்சு, கூலி எவ்வளவு என்று பிரித்த இரண்டு விலைமனுக்கள் வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் இழப்பது குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்வதில். வங்கி கடன் தொகைக்கே காப்புறுதி கேட்கும். வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு அதுவல்ல. அதோடு, 2022 நெருக்கடிக்கு முன் போட்ட தொகைக்கு இன்று அதே வீடு எழும்பாது. திரும்பக் கட்ட 80 இலட்சம் ஆகும் வீட்டுக்கு 40 இலட்சம் போட்டிருந்தால், 6 இலட்சம் சேதத்துக்கு 3 இலட்சம்தான். பொலிசியில் நட்டஈட்டில் 10 வீதம் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு என்று இருந்தால் கையில் வருவது 2 இலட்சத்து 70 ஆயிரம். இதைக் குறைந்த காப்புறுதி விதி என்று காசோலை வரும்போது சொல்வதை விட, புதுப்பிக்கும்போது சொல்வதுதான் முகவரின் வேலை.

தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவர்கள் கட்டிடத்துக்கு உரிமையாளர் அல்லர், அதைக் காப்புறுதி செய்ய முடியாது. உள்ளே இருக்கும் பொருட்கள் அவர்களுடையவை. அவற்றுக்கு மட்டும் பொலிசி எடுக்கலாம் என்பதை முகவர்கள் தோட்டப் பக்கம் வந்து சொல்வதே இல்லை. கட்டுப்பணம் சிறிது, தரகும் சிறிது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

தொகை குறைவென்று தோன்றினால் மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்கிறேன் என்ற படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டால் பிறகு வாதாட இடமில்லை. அதற்கு முன் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, அடுத்துக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

காப்புறுதி நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. விளம்பரத் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் அச்சிட முடிகிறது. விலக்குகளும் உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கும் அடங்கிய அந்த ஒரு தாளையும் தமிழில் அச்சிட்டு, பணம் வாங்கும் அன்றே கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டிடச் சேத மதிப்பீட்டுப் பணியிலுள்ள வாசகர்கள்,
பண்டாரவளை.