நோட்டீஸுக்கு ஒரு சட்டம், கணிப்புக்கு ஒரு சட்டமா?

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்கள் இருவருக்கும் வணக்கம்.

பெங்களூரு சுல்தான்பேட்டையில் அச்சகம் நடத்துகிறேன். எங்களுக்குச் சோறு போடுவது கல்யாணப் பத்திரிகைதான். தேர்தல் வந்துவிட்டால் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று நோட்டீஸும் போஸ்டரும் சேர்ந்துகொள்ளும். அதனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு வேட்பாளரின் ஆள் ஆயிரம் நோட்டீஸ் கேட்டு வந்தால், தான் இன்னார் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டீஸின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வர வேண்டும். அடித்து முடித்ததும் பிரதிகளோடு, எத்தனை அடித்தோம், எவ்வளவு கூலி வாங்கினோம் என்ற கணக்கையும் உங்கள் அதிகாரிக்கு அனுப்புகிறோம். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மொட்டை நோட்டீஸ் ஊருக்கு நல்லதல்ல.

என் கேள்வி வேறு. எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிற நோட்டீஸுக்கே இவ்வளவு என்றால், கர்நாடகத்தின் 224 தொகுதியிலும் யாருக்கு எத்தனை என்று டிவியில் கோடிப் பேருக்குச் சொல்கிற கருத்துக்கணிப்புக்கு ஏன் ஒன்றுமே இல்லை? எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தெந்த ஊரில், என்ன கேள்வி, யார் காசு கொடுத்தார்கள் என்று சொல்லியே ஆக வேண்டும் என எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 126ஏ பிரிவு, வாக்குக்குப் பிந்தைய கணிப்பை எப்போது நடத்தவோ வெளியிடவோ கூடாது என்று மட்டும் சொல்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், சரக்கைப் பார்ப்பதில்லை.

தடை செய்யுங்கள் என்று கேட்க வரவில்லை. 2013இல் கருத்துக்கணிப்புகளுக்குத் தடை விதிப்பது பற்றி நீங்கள் கேட்டபோது காங்கிரஸ் தடைக்கு ஆதரவு சொன்னது, பாஜக எதிர்த்தது. அன்று கணிப்புகளில் காற்று பாஜக பக்கம் அடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு தேர்தலுக்கு நடுவில் ஐந்து வருடம், கட்சிக்காரர் சொல்லாமல் ஜனங்களே வாய் திறந்து சொல்ல ஒரு வழி இருப்பது நல்லதுதான். விலைவாசி, குடிநீர், வேலை பற்றி அதே கணிப்புகளில் வருகிற பதில்கள் சீட்டு எண்ணிக்கையைவிட எவ்வளவோ பயனுள்ளவை. டிவிக்காரர்கள் அதை அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

சறுக்கல் பெரும்பாலும் சீட்டில்தான். எங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸுக்கு 38 சதவீத வாக்கு, 80 இடம். பாஜகவுக்கு 36 சதவீதம், 104 இடம். 2023இல் பாஜகவுக்கு அதே 36 சதவீதம்தான் கிடைத்தது. இடமோ 66. வாக்கு சதவீதத்தைத் துல்லியமாகப் பிடித்தவர்கூட சீட்டில் கவிழ்ந்துவிடலாம். 2023இல் ஜெயநகர் தொகுதியில் வித்தியாசம் 16 வாக்கு, காந்திநகரில் 105. இதை எந்தக் கணிப்பு பிடிக்கும்? பத்தாயிரம் பேரைக் கேட்டோம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் அது போதும், ஒரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். தொகுதிவாரியாகப் பிரித்தால் ஒன்றுக்கு 45 பேர்கூடத் தேறாது, பிழை 15 சதவீதத்தைத் தொடும். ‘இந்தத் தொகுதி இவருக்கு’ என்று திரையில் வண்ணம் பூசுகிறவர்கள் அந்த 15ஐயும் பக்கத்தில் போடட்டும்.

கேட்கிற விதம் இன்னொன்று. 2023 தேர்தலுக்கு முன் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் சந்துக்குக் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு கணிப்புக்காக ஒரு பையன் வந்தான். பக்கத்து வீட்டுப் பூக்கார அக்காவிடம் “யாரிகெ ஓட் ஹாக்தீரா?” (யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?) என்று கன்னடத்தில் கேட்டான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போன தடவை ஜெயித்தவர் பெயரைச் சொன்னார். அவன் சந்து முனை திரும்பியதும் என்னிடம், “யாரு எவருன்னு தெரியாதவன்கிட்ட மனசுல இருக்கிறதச் சொல்ல நான் என்ன பைத்தியமா? நாளைக்கு ரேஷன் கார்டுல கை வச்சா யாரு கேக்கறது?” என்றார். 1991 டிசம்பர், 2016 செப்டம்பர் காவிரிக் கலவரங்களைப் பார்த்த பெங்களூர்த் தமிழர் பலருக்கு இந்த எச்சரிக்கை ரத்தத்தில் ஊறியது. ஒயிட்ஃபீல்டு பக்கத்து அடுக்குமாடிகளில் கதை வேறு, கணிப்புக்கு வருகிற பையனை வாட்ச்மேன் வாசலுக்குள்ளேயே விடமாட்டார். எத்தனை கதவு திறக்கவில்லை, எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்ற எண்ணை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் முதலில் போட வேண்டியதே அதுதான்.

தப்பினால் என்ன போயிற்று என்று சொல்வார்கள். 2024 ஜூன் 1 மாலை வந்த மக்களவைத் தேர்தல் கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன, சில 400ஐயும் தொட்டன. ஜூன் 3 திங்கட்கிழமை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணியதும் கூட்டணிக்கு 293 என்று ஆனது, பாஜகவுக்கு 240. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் சுமார் 4,400 புள்ளி இறங்கியது. திங்களன்று வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பது உங்கள் துறை அல்ல. ஆனால் வாங்கியவர்களில் எங்கள் சங்கத்துக்காரர்களும் உண்டு. அதே வருடம் அக்டோபரில் ஹரியானா, கணிப்புகள் காங்கிரஸ் என்றன, பாஜக 48 இடத்தோடு ஆட்சியைத் தக்கவைத்தது. நியாயமாகச் சொன்னால், 2025 டெல்லியில் பெரும்பாலானவை சரியாகவே சொல்லின. சரியாகச் சொன்னவர் ஏன் சரி, தவறியவர் ஏன் தவறு என்று பார்க்கத்தான் கணக்கைக் கேட்கிறேன்.

ஹரியானா முடிவு வந்த ஒரு வாரத்தில் அப்போதைய தலைமை ஆணையர் ராஜீவ் குமார் நிருபர்களிடம் பேசும்போது, எத்தனை பேரிடம், எங்கே கேட்டார்கள் என்று கணிப்பாளர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும், நாங்கள் அவர்களை நிர்வகிப்பதில்லை என்ற பொருளில் சொன்னார். சுயபரிசோதனை! எங்கள் அச்சகத் தெருவை எங்கள் சுயபரிசோதனைக்கு விட்டிருந்தால் 127ஏ எதற்கு?

இது உங்களுக்குப் புதிதும் அல்ல. 1998இல் நீங்களே வழிகாட்டு நெறிகள் போட்டு, எத்தனை பேர், எந்த முறை, எவ்வளவு பிழை, நிறுவனத்தின் பின்னணி என்ன என்று வெளியிடச் சொன்னீர்கள். சட்டத்தின் பலம் இல்லாமல் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் ஆனதும் 1999இல் திரும்பப் பெற்றீர்கள். 2015 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில், கருத்துக்கணிப்புகளுக்கு இப்படிப்பட்ட வெளிப்படைத்தன்மையைச் சட்டமாக்கலாம் என்று பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரையைத் தூசி தட்டி, மீண்டும் சட்ட அமைச்சகத்துக்கு எழுதுங்கள். 2028 மே மாதம் கர்நாடகச் சட்டமன்றத்தின் காலம் முடிகிறது, அவகாசம் இருக்கிறது. சட்டம் வரும்வரை உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, விவரத்தை விரும்பித் தருகிற கணிப்பு நிறுவனங்களின் பெயரைப் போடுங்கள். கேட்டும் தராதவர்களின் பெயரையும் அதன் கீழே போடுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் போட்டால் எங்கள் சந்தும் படிக்கும்.

இப்படிக்கு,
அச்சகக்காரன் ஒருவன்,
சுல்தான்பேட்டை, பெங்களூரு