பருவ முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் அவர்களைத் தயார்செய்த ஆசிரியர்களுக்கும் என் வாழ்த்துகள்.

இன்னொரு விஷயத்தையும் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. பருவக் கடைசியில் வகுப்பாசிரியர்களோடு உட்கார்ந்து வருகைப் பதிவேடுகளைப் பார்த்தேன். உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் இருந்தவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். என் கவலை, திங்கட்கிழமை தவறாமல் வராமலிருப்பவர்களையும் தேர்வு நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிறவர்களையும் பற்றியது. மாதம் இரண்டு நாள்தானே என்று தோன்றும். ஆண்டு முழுக்க அப்படியே போனால், பள்ளி நாட்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்த அளவை எட்டிய பிள்ளையைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. வருகை 80 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவது, கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தோற்பது, வகுப்பில் நடத்தை கெடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலே, பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் முடித்தவர்கள் மிகச் சிலர்தான். படிப்பை நிறுத்துவது பெரிய வகுப்பில் நடந்தாலும், அதன் அறிகுறி ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

பதிவேட்டில் வராத அறிகுறிகளும் உண்டு. வாய்விட்டு வாசிக்கும் முறை தன்னை நெருங்கும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிற பிள்ளையை எங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியும். அதைச் சேட்டை என்று நினைத்துவிடக் கூடாது. வாசிக்கத் தெரியாததை மறைக்க அந்தப் பிள்ளை படும் பாடு அது.

வீட்டுச் சிரமங்களை நான் அறியாதவன் அல்ல. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வருமானம் போதவில்லை, வீடு மாற வேண்டியிருக்கிறது. சொன்னால் எங்களால் ஆனதைச் செய்வோம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியர் அழைத்தால் தயவுசெய்து எடுங்கள். வேலை நேரமென்றால் மாலையில் திருப்பி அழையுங்கள். சும்மா வீட்டிலிருந்த பிள்ளைக்குக் 'காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். "படிப்பு வரவில்லை, வேலைக்காவது போகட்டும்" என்று பிள்ளையின் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை மனதளவில் அன்றைக்கே பள்ளியை விட்டுவிடுகிறது.

அடுத்த பருவத்திலிருந்து, காரணம் தெரியாமல் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் உங்களை அழைப்பார். குற்றம் சொல்வதற்காக அல்ல, என்ன உதவி வேண்டும் என்று கேட்பதற்காகத்தான். யாரைக் கவனித்து வருகிறோம் என்பது மற்ற மாணவர்களுக்குத் தெரியாது.

எத்தனையோ நெருக்கடிக்கு நடுவிலும் காலையில் பிள்ளையைக் கிளப்பி நேரத்துக்கு அனுப்பிவைக்கிறீர்கள். அதற்கு எங்கள் எல்லோருடைய மனமார்ந்த நன்றி. என்னிடம் நேரில் பேச விரும்புகிறவர்கள் பள்ளி விட்டதும் எந்த நாளும் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்