சாவியை எடுத்த பிறகும் சுழலும் ஃபேன்

தென்காசி

அன்பு மகளுக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். மும்பையிலிருந்து புனே திரும்பும் வழியில் லோனாவ்லாவில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும், என்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது என்றாய். பிறகு ஒரு பட்டறையில் காட்டியபோது, சாவியை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும்படி வயரை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள் என்றும் நீ போனில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்த வேலைக்குத் தயவுசெய்து சம்மதிக்காதே. ஏன் என்பதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே நிதானமாக எழுதுகிறேன்.

அன்று நீ கோபோலியிலிருந்து கண்டாலா வரை ஏசியைப் போட்டுக்கொண்டு மலையேறி வந்திருக்கிறாய். டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, வைத்த டீசல் என்ஜினுக்கு அது கடுமையான வேலை. அப்படி ஏறும்போது டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு 700 டிகிரியைக்கூடத் தொடலாம். நீ சாவியை அணைத்த நொடியில் டீசல் எரிவது நிற்கிறது. அதோடு, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுற்றவிடும், பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடுகிறது. ஆனால் என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டிலும் டர்போவிலும் ஏறிய சூடு எங்கும் போய்விடுவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதைப் போல, அந்த இரும்பின் சூடு அசையாமல் நிற்கும் கூலன்ட்டில் இறங்குவதால், ஓடும்போது இருந்ததைவிட நின்ற சில நிமிடங்களில்தான் என்ஜினுக்குள் வெப்பம் கூடுகிறது. சென்சார் அதை உணர்ந்து சொல்ல, வண்டிக்குள் இருக்கும் கணினி ஃபேனை ஓட விடுகிறது. பம்ப் நின்ற பின் ஃபேன் மட்டும் ஓடி என்ன பயன் என்று உனக்குத் தோன்றலாம். பானட்டுக்குள் அடைபட்டிருக்கும் அனல் வெளியேறுவதே பெரிய பயன். வயர்களும் ரப்பர் ஹோஸ்களும் பிளாஸ்டிக் பாகங்களும் அதனால்தான் பல ஆண்டுகள் தாங்குகின்றன. சில வண்டிகளில் தனியாக ஒரு சிறிய மின்பம்ப்பும் இருக்கிறது. என்ஜின் நின்ற பிறகும் அது டர்போவைச் சுற்றிக் கூலன்ட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்.

பணிமனையில் நான் வேலை பார்த்த காலத்துப் பேருந்துகளில் ஃபேன் என்ஜினோடு பிணைந்தே சுழன்றது. என்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் மலையேறி வந்ததும் உடனே அணைக்காமல், வண்டி நின்றபடியே சற்று நேரம் என்ஜினை ஐட்லிங்கில், அதாவது மெதுவாக, ஓடவிட்டுத்தான் இறங்குவார்கள். என்ஜினைக் குறுக்காக வைத்த கார்கள் வந்தபோது ரேடியேட்டர் பெல்ட்டுக்கு எட்டாத பக்கத்தில் அமைந்துவிட்டதால், ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்தது. அன்று ஓட்டுநர் பொறுமையாகச் செய்த வேலையை இன்று அந்த மோட்டார் செய்கிறது. அதை வயரை வெட்டி நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பழைய வழக்கத்தை நீயும் கைக்கொள்வது நல்லது. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் பேரிங்கில் எண்ணெய் கருகிப் படியாமல் இருக்க, நீண்ட ஏற்றத்துக்குப் பின் ஓரிரு நிமிட ஐட்லிங் உதவும்.

ஊருக்குள் ஓட்டிவிட்டு நிறுத்தும்போதும் ஃபேன் ஒருசில நாட்களில் வேகமாக ஓடக்கூடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது வண்டியே 600 டிகிரி அளவில் எரித்துத் தீர்க்கும். அது நடந்துகொண்டிருக்கும்போது நீ அலுவலக வாசலில் அணைத்தால், ஃபேன் பலமாக இரையும். காந்தல் வாடையும் வரும். கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டு.

பேட்டரி இறங்கிவிடும் என்று பட்டறையில் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஃபேன் 20 ஆம்பியர் இழுத்தாலும் பத்து நிமிடத்தில் தீர்வது மூன்றரை ஆம்பியர்-அவருக்குள்தான். உன் வண்டியின் 60 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது பொருட்டல்ல. அரை மணி கடந்தும் நிற்காமல் ஓடினால்தான் உண்மையான கோளாறு. அப்படியே விட்டால் இரவுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். பெரும்பாலும் ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்சின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் ரிலேவை மாற்றினால் போதும், செலவு அதிகமில்லை. காலையில் ஆறிக் கிடக்கும் வண்டியை, ஏசி போடாமல் கிளப்பியதுமே ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், சென்சாரோ அதன் வயரோ பழுது என்று சந்தேகிக்கலாம். சூடு தெரியாதபோது என்ஜினைக் காப்பதற்காகக் கணினி ஃபேனை முழுதாக ஓட்டிவிடும். முன்பைவிட அடிக்கடியும் அதிக நேரமும் ஓடத் தொடங்கினால், கூலன்ட் குறைந்திருக்கிறதா, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் பூச்சியும் தூசியும் அடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வண்டி அணைந்துதானே இருக்கிறது என்று பானட்டைத் திறந்து கையை உள்ளே விடாதே. ஓய்ந்திருக்கும் ஃபேன் முன்னறிவிப்பில்லாமல் சுழலத் தொடங்கும். துப்பட்டா நுனி போதும், இழுத்துக்கொள்ள. சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியையும் தொடாதே. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் கூலன்ட், மூடியைத் திருகியதும் கொதித்து முகத்தில் பீறிடும்.

வரும் ஞாயிறு காலை, வண்டி ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. லோனாவ்லாவில் ஃபேன் எத்தனை நிமிடம் ஓடியது, மீட்டரில் சூட்டு முள் எங்கே நின்றது என்பது நினைவிருந்தால் அதையும் எழுது. பட்டறைக்காரரிடம் வயர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்பதை இன்றே தெரிவித்துவிடு.

அன்புடன்,
அப்பா