மரை கெட்ட கதை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் தகரக் கொட்டகைக்குள் கிடந்து நான் கட்டியிழுத்து வந்த 1951ஆம் ஆண்டு எம்.ஜி. ரி.டி. காரின் மரவேலை முடிந்துவிட்டது. அதன் தகடுகள் ஆஷ் மரச்சட்டத்தின் மேல் பொருத்தப்பட்டவை. அடிச்சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. ஓடாவி முதிரைதான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதிரை பாரம், திருகாணியும் இலகுவில் இறங்காது என்று சொல்லித் தேக்கில் செய்வித்தேன்.

ஓடாவியை வென்ற நான் எஞ்சினிடம் தோற்றேன். எண்ணெய்த் தொட்டியைப் பூட்டும் போல்ட்டுகள் சில துருப்பிடித்துப் போனதால், பிரித்தானியக் கார்தானே என்று அங்குலக் கணக்கில் 5/16 போல்ட்டுகளைக் கடையில் வாங்கிவந்தேன். முதல் நான்கைந்து சுற்றுகள் வெண்ணெய்போல் இறங்கின. பிறகு இறுகியபோது, நிறுத்துவதற்குப் பதிலாக நீளமான ஸ்பனரைப் போட்டு அழுத்தினேன். இரண்டு துளைகளின் மரை, அதாவது உட்பக்கத் திருகுப்புரி, போய்விட்டது. எனக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்று அம்மா சொன்னதற்கு நான் பதில் பேசவில்லை.

காரணத்தைப் பிறகு படித்தறிந்தேன். நீ இருக்கும் கொவென்ட்ரியிலேதான் இந்த 1250 சி.சி. எஞ்சின் செய்யப்பட்டது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் இயந்திரத் துப்பாக்கி செய்வதற்காக அங்கே அமைத்த தொழிற்சாலையை மோரிஸ் கார் நிறுவனம் 1923இல் வாங்கியபோது, பொறிகள் யாவும் மில்லிமீற்றர் கணக்கிலேயே இருந்தன. அவற்றை மாற்றாமல் மரையை மில்லிமீற்றரில் வெட்டி, பிரித்தானிய மெக்கானிக்கின் ஸ்பனர் பொருந்துவதற்காகத் போல்ட்டின் தலையை மட்டும் விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குல அளவில் செய்தார்கள். சிக்கனம் என்றால் இதுதான். இந்த எஞ்சினின் 8 மில்லிமீற்றர் போல்ட்டில் ஒரு மரைச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 1 மில்லிமீற்றர். நான் வாங்கியது 7.94 தடிப்பும் 1.06 இடைவெளியும் கொண்டது. ஏமாறுவதற்குப் போதுமான நெருக்கம். இன்று கடைகளில் கிடைக்கும் 8 மில்லிமீற்றர் போல்ட்டின் இடைவெளியோ 1.25. பழைய போல்ட்டின் தலைக்கு 13ஆம் எண் ஸ்பனர் புகாது, 14 வழுக்கி மூலைகளைத் தின்னும்.

ஆகவே ஆவணியில் நீ வரும்போது, 8க்கு 1 என்ற அளவில் மரை வெட்டும் டப் ஒன்றும், அதே மரையில் இரண்டு டசின் போல்ட்டுகளும், கால் அங்குல விட்வேர்த் ஸ்பனர் ஒன்றும் கொண்டுவா. பாவித்த ஸ்பனர் போதும். கடற்காற்றுக்கு அஞ்சி எஞ்சினுக்குள் எண்ணெய் பூசிச் சாக்கால் மூடி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் வாடைமழை பிடிக்குமுன் தொட்டியைப் பூட்டிவிட வேண்டும்.

கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். விலையை எனக்கு மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா