புல்வெளியின் கணக்கைத் தோடர் மந்துகளிடம் கேளுங்கள்

மதிப்புக்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஈரோடு மாவட்டத்துக்காரன் எழுதுகிறேன்.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் உங்கள் மலைக்கு இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு வந்தது. மறு ஆண்டுக் கோடையில் வார நாட்களுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 சுற்றுலா வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் எண்ணி அனுப்பிய வண்டிகள் மேலே போய் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்பதை யார் சொல்வது?

பைக்காரா சாலையோரப் புல்வெளிகளை நினைத்துத்தான் கேட்கிறேன். வெறும் புல் என்று நினைத்துச் சக்கரத்தை ஏற்றுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் பிறகும் இதே நினைப்பில்தான் அங்கே சீகை, கற்பூரம் என்று அயல்நாட்டு மரங்களை நட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம். அந்தப் புல்லும் சோலையும் சேர்ந்து பிடித்துவைக்கும் மழைதான் கோடையிலும் ஓடையாகக் கசிகிறது. பைக்காரா ஆறு மோயாறாகிப் பவானிசாகரில் வந்து விழுகிறது. எங்கள் வயலும் குடமும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தப் புல்வெளி உங்கள் மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமை மேயும் நிலம். எந்தச் சரிவு எந்த மாதம் தாங்கும் என்பது தலைமுறைகளாக மேய்த்தவர்களுக்குத் தெரியும். வெளியார் நுழையக் கூடாத கோயில்கள் மந்துகள் எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளில் உண்டு. அவற்றையும் படமெடுக்கும் இடமாகக் கருதி வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் அவர்களே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது என்ன நியாயம்?

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூக வன வளங்களுக்குள் நுழைவதை ஒழுங்குபடுத்தவும், காட்டுக்குக் கேடான செயலை நிறுத்தவும் கிராம சபை எடுக்கும் முடிவுகளுக்கு வலு தருகிறது. வாகன வரம்பைப் பற்றி ஆய்வு நிறுவனங்களிடம் கேட்கிறோம், விடுதிக்காரர்களும் வியாபாரிகளும் குரல் கொடுக்கிறார்கள். மந்துகளுக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும், அதுவும் முதல் இடம்.

அடுத்த கோடைக்கு முன் மந்துகளின் கிராம சபைகளைக் கூட்டுங்கள். அவர்கள் மூடச் சொல்லும் புல்வெளிகளை மூடுங்கள். காட்சி முனைகளில் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை, சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலைக்காக அவர்கள் கையிலேயே கொடுங்கள். இ-பாஸ் வாங்கும்போதே எங்கே போகக் கூடாது என்பதையும் தமிழில் தெளிவாக அச்சிட்டுத் தாருங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
பவானிக் கரையிலிருந்து ஒரு குடிமகன்