பேர் சொல்லாமல் போன டீச்சருக்கு நன்றி

ஐந்தாம் வகுப்பு வந்தும் என் மகனுக்கு 'ப', 'ம' குழப்பம் தீரவில்லை. சோம்பேறி என்று அவனைத் திட்டாத ஆள் இல்லை. தொண்டு நிறுவனம் மூலம் பள்ளிக்கு வந்த நீங்கள்தான் இது டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்துகளை வாசிக்கவும் எழுதவும் சிரமம் தரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று சொல்லி, மதிப்பீட்டுக்கு அனுப்பினீர்கள். தட்டில் ரவையைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து, ஒலியைச் சொல்லச் சொல்லி எழுதவைத்தீர்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும், சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம் என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். எத்தனை பெற்றோருக்கு இது தெரியாமலே போகிறதோ!

நேற்று பஸ் போர்டில் 'தாம்பரம்' என்று அவனே எழுத்துக்கூட்டி வாசித்தான். எங்கிருந்தாலும் நீங்கள் நல்லா இருக்கணும் டீச்சர்.